ஒரு மாதத் தாமதம், ஒரு மூட்டை மாவு: 1856 மார்மன் கைவண்டிக் குழுக்கள் – நிகழ்வு ஆய்வு

1856 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய வயோமிங் மாநிலத்தின் உயர்சமவெளியில், ஏறக்குறைய நூறு மைல் இடைவெளியில், மார்மன் என்ற சமயச் சபையில் சேர்ந்து யூட்டாவில் குடியேறப் போன இரண்டு கூட்டங்கள் மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தன. முன்னே போனது ஜேம்ஸ் வில்லி தலைமையிலான குழு. ஸ்வீட்வாட்டர் ஆற்றின் ஆறாவது துறையை நெருங்கிய அவர்களிடம் மாவு தீர்ந்துவிட்டிருந்தது. பின்னே எட்வர்ட் மார்ட்டின் குழு அன்று வடக்கு பிளாட் ஆற்றைக் கடைசி முறையாகக் கடந்துகொண்டிருந்தது. குளிர்ந்த நீரில் இடுப்பளவு இறங்கிக் கைவண்டிகளை இழுத்துக் கரையேறினார்கள். இரு குழுக்கள் மீதும் அதே நாளில் பனிப்புயல் இறங்கியது.

இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தார்கள். இங்கிலாந்து நெசவாலைத் தொழிலாளிகள், ஸ்காட்லாந்து விதவைகள், டென்மார்க் விவசாயிகள், எழுபது கடந்த முதியவர்கள், கைக்குழந்தைகள். நவம்பர் முடிவதற்குள் இருநூறு பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். வில்லி குழுவில் எழுபதை ஒட்டி, மார்ட்டின் குழுவில் 135 முதல் 150 வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. மேற்கே குடியேறப் போனவர்களின் வரலாற்றில் ஒரே பருவத்தில் இவ்வளவு பேரை இழந்த பயணம் வேறில்லை.

பனி கொன்றது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேலே உள்ள அந்த நிலத்தில் அக்டோபர் பிற்பகுதியில் பனி விழுவது அதிசயமில்லை. அந்த நேரத்தில், அந்த உடையில், அந்த மாவோடு அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை லிவர்பூலிலும் அயோவாவிலும் நெப்ராஸ்காவின் ஃப்ளாரன்ஸிலும் கிடக்கிறது.

கைவண்டித் திட்டம் எப்படி வந்தது

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய பிந்தைய நாள் புனிதர்கள் சபை, வழக்கில் மார்மன் சபை, 1837-லேயே பிரிட்டனுக்கு மதப் பிரசார ஊழியர்களை அனுப்பியது. லங்காஷயரின் பிரெஸ்டன் நகரில் தொடங்கிய வேலை வேகமாகப் பரவியது. 1844-இல் ஸ்மித் கொல்லப்பட்டார். 1846-இல் இல்லினாய்ஸின் நாவூ நகரை விட்டு மார்மன்கள் துரத்தப்பட்டார்கள். 1847 ஜூலையில் பிரிகம் யங் தலைமையில் முதல் அணி இன்றைய யூட்டாவிலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. அதன் பிறகு, மதம் மாறியவர் எந்த நாட்டவராக இருந்தாலும் ‘சீயோனுக்கு’, அதாவது அந்தப் பள்ளத்தாக்குக்கு, வந்து சேர வேண்டும் என்பது சமயக் கடமையாகவே கற்பிக்கப்பட்டது. ஏழைகள் வருவதற்காக 1849-இல் நிரந்தரக் குடியேற்ற நிதி என்று ஒரு சுழல்நிதி ஏற்படுத்தினார்கள். அதில் கடன் வாங்கி வந்து, வேலை செய்து திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டும் பணத்தில் அடுத்தவர் வருவார்.

1855-இல் யூட்டாவில் வெட்டுக்கிளி பயிரைத் தின்றது. நிதி வற்றியது. பிரிட்டனில் காத்திருந்தவர்களோ ஆயிரக்கணக்கில். மாடு பூட்டிய பெரிய வண்டி வாங்க வழியில்லாததால், கைவண்டியில் சாமானை ஏற்றி இழுத்துக்கொண்டு நடந்தே வரலாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிகம் யங் லிவர்பூலுக்கு எழுதினார். ஐரோப்பிய ஊழியத்தின் தலைவர் பிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் அதை உற்சாகமாக விளம்பரப்படுத்தினார். லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை பெரியவருக்கு 9 ஸ்டெர்லிங் பவுன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. வருடக்கணக்கில் சீட்டுப் பிடித்தும் வண்டிக்குப் பணம் சேராத குடும்பங்களுக்கு இது திறந்த கதவு. அந்த ஆண்டு ஏறத்தாழ 1,900 பேர் கைவண்டியைத் தேர்ந்தார்கள்.

திட்டமே பைத்தியக்காரத்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். அதை ஏற்க முடியாது. 1856-இல் முதலில் புறப்பட்ட எல்ஸ்வொர்த், மெக்ஆர்தர் குழுக்கள் செப்டம்பர் 26-இலும், வேல்ஸ்காரர்கள் நிறைந்த பங்கர் குழு அக்டோபர் 2-இலும் சால்ட் லேக் சேர்ந்தன. இறப்பு குறைவு, பல மாட்டு வண்டிக் குழுக்களை விட வேகமான நடை. 1860 வரை மொத்தம் பத்துக் கைவண்டிக் குழுக்கள் போயின, ஏறத்தாழ மூவாயிரம் பேர். பேரழிவு நேர்ந்தது இரண்டுக்குத்தான். அந்த இரண்டில் வேறாக இருந்தது புறப்பட்ட தேதி.

நாட்கள் எங்கே போயின

ஓராண்டுத் திட்டத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். சால்ட் லேக்கில் செப்டம்பர் இறுதிக்குள் சேர வேண்டுமானால் மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள ஃப்ளாரன்ஸை, அதாவது இன்றைய ஒமாஹா நகரின் பகுதியை, ஜூலை நடுவில் விட்டாக வேண்டும். அங்கிருந்து 1,030 மைல். நாளுக்கு 15 மைல் போனாலும் எழுபது நாள். ஃப்ளாரன்ஸை ஜூலை நடுவில் விட, ரயில் பாதையின் முனையான அயோவா சிட்டியை ஜூனில் விட வேண்டும். அதற்கு லிவர்பூலில் மார்ச், ஏப்ரலிலேயே கப்பலேறியிருக்க வேண்டும்.

வில்லி குழு ஏறிய ‘தார்ன்டன்’ கப்பல் புறப்பட்டதே மே 4-இல்தான். 764 பேர். ஜூன் 14-இல் நியூயார்க். ரயிலும் ஏரிப் படகும் மாறி மாறி ஜூன் 26-இல் அயோவா சிட்டி. மார்ட்டின் குழுவினரை ஏற்றிய ‘ஹொரைசன்’ 856 பேருடன் மே 25-இல் கிளம்பி ஜூன் 30-இல் பாஸ்டன் வந்தது. அவர்கள் அயோவா சிட்டி சேரும்போது ஜூலை 8. முதல் குழுக்கள் அங்கிருந்து ஏற்கெனவே ஒரு மாதம் முன்பே கிளம்பிவிட்டிருந்தன.

அதோடு நிற்கவில்லை. அயோவா சிட்டியில் வண்டிகளும் கூடாரங்களும் தயாராக இல்லை. அங்கிருந்த முகவர்கள் இத்தனை பேரை, இவ்வளவு பிந்தி, எதிர்பார்க்கவில்லை. கடிதம் கப்பலில் வந்துசேர்வதற்குள் ஆட்களே வந்துவிட்டார்கள். ஆண்கள் வண்டி செய்ய, பெண்கள் கூடாரம் தைக்க, மூன்று வாரம் அங்கேயே கழிந்தது. வில்லி குழு ஜூலை 15-இலும், மார்ட்டின் குழு ஜூலை 28-இலும் கிளம்பின. அயோவாவைக் கடக்க நான்கு வாரம். ஃப்ளாரன்ஸில் உடைந்த வண்டிகளைச் சரிசெய்ய மேலும் சில நாள். வில்லி குழு ஆகஸ்ட் 17 வாக்கில் ஃப்ளாரன்ஸை விட்டது. மார்ட்டின் குழு 25-க்குப் பிறகு. எந்தத் தடங்கலும் இல்லாமல், நாளுக்கு 15 மைல் என்ற முழு வேகத்தில் போயிருந்தாலும் வில்லி குழு அக்டோபர் 25-ஐ ஒட்டித்தான் ஊர் சேர்ந்திருக்கும். மார்ட்டின் குழுவுக்கு நவம்பர் பிறந்திருக்கும். அதாவது திட்டத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

வண்டி

கைவண்டியின் அமைப்பு எளிது. இரண்டு சக்கரம், நடுவே ஒரு பெட்டி, முன்னால் நீண்ட இரு ஏர்க்கால், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை. ஒருவரோ இருவரோ அந்தக் கட்டைக்குள் நின்று மார்பால் தள்ளி இழுப்பார்கள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். வெறும் வண்டியின் எடை ஏறத்தாழ 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. ஒரு வண்டிக்கு நான்கைந்து பேர். ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, துணியும் படுக்கையும் சமையல் பாத்திரமும் சேர்த்து அனுமதி. எடை பார்த்துத்தான் ஏற்றினார்கள். மிஞ்சியது அயோவாவிலேயே விற்பனைக்கோ குப்பைக்கோ போனது. கம்பளி மேலாடைகளும் கனத்த போர்வைகளும் முதலில் கழிந்தவை, ஏனென்றால் அப்போது ஜூலை வெயில்.

நூறு பேருக்கு ஒரு தலைவர், 20 வண்டி, 5 வட்டக் கூடாரம், கூடாரத்துக்கு 20 பேர். கூடாரங்களையும் மாவையும் சுமக்க, மூன்று ஜோடி எருது பூட்டிய ஒரு பெரிய வண்டி. வில்லி குழுவின் நூற்றுத் தலைவர்கள் அட்வுட், லெவி சாவேஜ், உட்வர்ட், சிஸ்லெட், ஆமன்சன். இவர்களில் ஜான் சிஸ்லெட் பின்னாளில் சபையை விட்டு விலகியவர். அவர் எழுதிவைத்த விவரிப்பில்தான் பங்கீட்டு அளவுகளும் வண்டிப் பழுதுகளும் இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கின்றன.

பழுதின் காரணம் மரம். அவசரத்தில் செய்ததால் நன்றாக உலர்ந்த மரம் கிடைக்கவில்லை; பச்சை மரத்திலேயே சக்கரம் கட்டினார்கள். ஈரப்பதம் நிறைந்த அயோவாவில் அது தாங்கியது. நெப்ராஸ்காவின் வறண்ட காற்றில் சக்கரத்தின் வட்டையும் ஆரக்காலும் நடுக்குடமும் சுருங்க, மூட்டுகள் ஆட்டங்கண்டன. அச்சும் மரம், அது சுழலும் குடத்தின் உட்துளையும் மரம். இரும்புப் பூண் போட நேரமும் பணமும் இல்லை. புழுதியும் மணலும் உள்ளே போய் உப்புத்தாள் போல அச்சைத் தேய்த்தன. தேய்ந்த அச்சு, ஏற்றிய பாரம் தாங்காமல் குடத்தை ஒட்டி முறியும்.

மசகு போட வேண்டும், ஆனால் மசகு இல்லை. சாப்பிடக் கொடுத்த பன்றிக் கொழுப்பையும், குளிக்க வைத்திருந்த சோப்பையும் அச்சில் தடவினார்கள். அந்தப் பிசுக்கில் இன்னும் அதிக மணல் ஒட்டியது. காலணியின் மேல்தோலை வெட்டி அச்சில் சுற்றினார்கள். தகரத் தட்டையும் வாளியையும் பிளந்து உறையாகப் போட்டார்கள். அக்டோபர் பனியில் வெறுங்காலோடு நடந்தவர்கள் சிலரின் காலணித் தோல் செப்டம்பரில் அச்சுக்குப் போயிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒவ்வொரு முறிவும் ஓர் அரை நாள். நாளுக்கு 15 மைல் என்ற கணக்கு நடைமுறையில் 12 ஆனது இப்படித்தான்.

ஃப்ளாரன்ஸ் கூட்டம்

ஆகஸ்ட் 13 அன்று வில்லி குழு ஃப்ளாரன்ஸில் கூடியது. இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா, மேலே போவதா என்று முடிவெடுக்க. வந்திருந்தவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் அந்த வழி தெரியாது. தெரிந்தவர்கள் சபை ஊழியர்கள்தான். அவர்கள் போகலாம் என்றார்கள். ஆண்டவர் பனியைத் தடுப்பார் என்று உறுதி சொன்னவர்களும் உண்டு.

லெவி சாவேஜ் மட்டும் எழுந்து வேண்டாம் என்றார். 1846-இல் மார்மன் படைப்பிரிவில் மேற்கே நடந்தவர் அவர். 1852-இல் சயாமுக்கு ஊழியம் செய்ய அழைக்கப்பட்டு, கல்கத்தா வழியாக பர்மா போய், ரங்கூனில் இரண்டாண்டு இருந்துவிட்டு, உலகைச் சுற்றி அந்த ஆண்டுதான் திரும்பிக்கொண்டிருந்தார். (அவருடன் கல்கத்தா வந்திறங்கிய ஊழியர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் 1853-இல் மதராஸுக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு ஊழியம் செய்தார்.) முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் நிறைந்த கூட்டம், போதிய உடை இல்லாமல், இவ்வளவு பிந்தி மலைக்குப் போனால் எலும்பு உறையும், பலர் சாவார்கள் என்று அழுதுகொண்டே சொன்னார். வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றதும், நான் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உங்களோடு வருவேன், உங்களோடு கஷ்டப்படுவேன், தேவைப்பட்டால் உங்களோடு சாவேன் என்று சொல்லிப் புறப்பட்டார். சொன்னபடி கடைசி வரை தன் நூறு பேரோடு நின்றார். இந்த வரலாறு முழுவதிலும் அவரைவிட மதிக்கத்தக்க ஒருவரைக் காட்டுவது கடினம்.

நூறு பேரளவில் ஃப்ளாரன்ஸில் தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் போனார்கள். தங்குவதும் சுலபமில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே வீடில்லை, வேலை குறைவு, அவர்கள் கையில் காசில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பில் வழியை அறிந்தவரின் ஓட்டுக்கும் அறியாதவரின் ஓட்டுக்கும் ஒரே எடை. அறிந்தவர்களிலும் பெரும்பாலோர் மக்களுக்கு நம்பிக்கையூட்டுவதே தம் வேலை என்று நினைத்தார்கள்.

மாவுக் கணக்கு

அயோவாவில் பெரியவருக்கு நாளுக்கு 10 அவுன்ஸ் மாவு, எட்டு வயதுக்குட்பட்டவருக்கு அதில் பாதி. எப்போதாவது கொஞ்சம் அரிசி, சர்க்கரை, காபி, பன்றிக் கொழுப்பு. ஃப்ளாரன்ஸிலிருந்து அது ஒரு பவுண்டானது. ஒரு பவுண்டு மாவு 454 கிராம், அதாவது சுமார் 1,650 கலோரி. நாள் முழுதும் பாரவண்டி இழுக்கிற ஆணுக்கு அதைப் போல் இரு மடங்குக்கு மேல் தேவை. ஆக, முழுப் பங்கு கிடைத்த நாட்களிலேயே உடம்பு தன்னைத் தின்னத் தொடங்கிவிட்டது.

பெரிய வண்டிகளில் இடம் போதாததால் ஒவ்வொரு கைவண்டியிலும் 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றை ஏற்றினார்கள். நடைமுறையில் இதன் பொருள் என்ன என்று பாருங்கள். 44 கிலோ மூட்டை, ஐந்து பேரின் சாமான் 38 கிலோ, நடக்க முடியாத குழந்தை ஒன்று. பச்சை மர அச்சின் மேல் நூறு கிலோவை நெருங்கும் பாரம். அந்த மூட்டையோ ஐந்து பேருக்கு இருபது நாள்தான் வரும். பெரிய வண்டிகளில் இருந்ததையும் சேர்த்து, மொத்தக் கையிருப்பு அறுபது நாளுக்கு. பயணமோ எழுபது நாளுக்குக் குறையாது. மிச்சப் பத்து நாளை வழியிலுள்ள லாரமி கோட்டையில் கிடைக்கும் என்று நம்பிய கையிருப்பின் தலையில் கட்டினார்கள்.

செப்டம்பர் 3 இரவு புயலில் வில்லி குழுவின் மாடுகள் மிரண்டு ஓடின. முப்பது வரை தொலைந்தன. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. வண்டியெருதுகள் குறைந்ததால், பால் கொடுத்துக்கொண்டிருந்த பசுக்களையும் இறைச்சிக்கு வைத்திருந்த மாடுகளையும் நுகத்தில் பூட்டினார்கள். தீர்ந்து இலேசாகியிருந்த கைவண்டிகளில் மறுபடி நூறு நூறு பவுண்டு மாவு ஏறியது. பால் போயிற்று, இறைச்சி குறைந்தது, பாரம் கூடியது. ஒரே இரவில் மூன்றும்.

சில நாள் கழித்து, செப்டம்பர் 12 வாக்கில், பிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் வேகமான வண்டிகளில் அவர்களைத் தாண்டிப் போனார். லாரமியில் உணவு இருக்கும், மேலே உதவி வரும் என்ற நம்பிக்கையை விட்டுச் சென்றார். செப்டம்பர் இறுதியில் லாரமி சேர்ந்தபோது அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. சவுத் பாஸ் கணவாயில் உதவி வரும் என்று ஒரு கடிதம் மட்டும் இருந்தது. கணக்குப் பார்த்தபோது அந்த இடம் வரை மாவு எட்டாது என்று தெரிந்தது. பங்கைக் குறைத்தார்கள்: வேலை செய்யும் ஆணுக்கு 12 அவுன்ஸ், பெண்களுக்கும் முதியவர்களுக்கும் 9, குழந்தைகளுக்கு 4 முதல் 8. ஒன்பது அவுன்ஸ் என்பது 255 கிராம், தொள்ளாயிரத்துச் சொச்சம் கலோரி. இரவில் குளிரும் தொடங்கிவிட்டிருந்தது.

இறப்பு அப்போதே ஆரம்பித்துவிட்டது. முதலில் முதியவர்கள், அப்புறம் திடகாத்திரமான ஆண்கள். இறந்த பெரியவர்களில் ஆண்களே அதிகம். இழுப்பதும், ஆற்றில் இறங்கிப் பெண்களையும் குழந்தைகளையும் சுமப்பதும், இரவுக் காவலும், கூடாரம் அடிப்பதும் அவர்கள் வேலை. பலர் தங்கள் பங்கிலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காலையில் வண்டி இழுத்த தகப்பன் மாலையில் செத்தான் என்று சிஸ்லெட் எழுதுகிறார். உப்பும் மாவும் இல்லாமல் மெலிந்த மாட்டின் இறைச்சியை மட்டும் தின்றதால் வயிற்றுக்கடுப்பு பரவி, மிச்சமிருந்த தெம்பையும் எடுத்தது.

ராக்கி ரிட்ஜ்

அக்டோபர் 4-இல் சால்ட் லேக் சேர்ந்த ரிச்சர்ட்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வழியில் இருப்பதைச் சொன்னார். பிரிகம் யங் அதற்கு மேல் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தார். மறுநாள் சபை மாநாட்டில் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து உதவி கேட்டார்: 60 ஜோடி கோவேறு கழுதை அல்லது குதிரை, 12 முதல் 15 வண்டி, 40 ஓட்டுநர், 12 டன் மாவு. அக்டோபர் 7-இல் ஜார்ஜ் கிராண்ட் தலைமையில் முதல் அணி கிளம்பியது. அந்த வேகம் உண்மையில் பாராட்டத்தக்கது. ஆனால் யூட்டாவுக்குச் செய்தி முன்பே வந்திருந்தால் மாவு செப்டம்பரிலேயே சவுத் பாஸில் இருந்திருக்கும் என்பதும் உண்மை.

அக்டோபர் 19-இல் அந்த அணியின் குதிரைவீரர் நால்வர் வில்லி குழுவைச் சந்தித்து, உதவி அருகில்தான் என்று சொல்லிவிட்டு மார்ட்டின் குழுவைத் தேடி மேலே போனார்கள். ஆனால் பின்னே வந்த மாவு வண்டிகள் புயலுக்கு ஒதுங்கி, பாதையிலிருந்து விலகி வில்லோ கிரீக்கில் முகாமிட்டிருந்தன. இரண்டு நாள் பட்டினி. வில்லியும் ஜோசப் எல்டரும் பனியில் தேடிக் கிளம்பினார்கள். மீட்புக் குழுவின் ஹார்வி கிளஃப் பாதையோரம் நட்டுவைத்த ஒரு அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டதால்தான் முகாமைக் கண்டுபிடித்தார்கள். மாவு 21 மாலை வந்து சேர்ந்தது.

மாவு வந்ததும் ஆபத்து தீரவில்லை. ஆறு வண்டிகளை மட்டும் இவர்களோடு விட்டுவிட்டு, மற்றவை மார்ட்டின் குழுவுக்காகக் கிழக்கே போயின. அக்டோபர் 23-இல் வில்லி குழு ராக்கி ரிட்ஜ் என்ற பாறை மேட்டை ஏற வேண்டியிருந்தது. முழங்கால் வரை பனி, எதிர்க்காற்று, ஒரே நாளில் ஒரு டஜன் மைலுக்கு மேல். இடையில் தங்க விறகும் மறைவும் இல்லாததால் ராக் கிரீக் வரை போயே தீர வேண்டும். கடைசி வண்டி முகாம் சேர்ந்தது மறுநாள் விடியும் நேரத்தில்.

ஸ்காட்லாந்தின் மார்கரெட் கிர்க்வுட் விதவை. நடக்க முடியாத மகன் தாமஸை வண்டியில் வைத்து இழுத்தார். பதினோரு வயது ஜேம்ஸ், நான்கு வயதுத் தம்பி ஜோசப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி நடக்க முடியாமல் போனதும் முதுகில் தூக்கிக்கொண்டான். நெருப்பருகே தம்பியை இறக்கி வைத்தான். சற்று நேரத்தில் ஜேம்ஸ் இறந்தான். டென்மார்க்கின் யென்ஸ் நீல்சனின் பாதங்கள் உறைந்துவிட்டன. அவர் மனைவி எல்சி, அவரை விடச் சிறிய உருவம், அவரை வண்டியில் ஏற்றி இழுத்து மேடு கடந்தார். அவர்களுடைய ஒரே மகனும், அவர்களை நம்பித் தனியே அனுப்பப்பட்டிருந்த சிறுமி போடில் மார்டென்சனும் ராக் கிரீக்கில் இறந்தார்கள். போடில் விறகுக்குச் சேகரித்த செடிக் குச்சிகளைப் பிடித்தபடியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்திருந்ததாகக் குடும்ப நினைவு. மறுநாள் 13 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களில் இருவரும் அன்று இறக்க, அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி.

நீல்சன் வாழ்நாள் முழுதும் கோணல் காலோடு நடந்தார். 1879-80-இல் தென்கிழக்கு யூட்டாவுக்குப் பாறை பிளந்து வழி போட்ட குடியேற்றத்தில் முன்னணியில் நின்று, ப்ளஃப் ஊரின் முதல் பிஷப் ஆனார்.

இதே குழுவில் நம் நாட்டுப் பெண் ஒருவரும் நடந்தார்: பம்பாயில் பிறந்த எலிசபெத் சேவியர் டெய்ட். கணவர் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், முன்னரே யூட்டா போய்விட்டார். பிறந்த வீட்டார் தடுத்தும் கேளாமல் லிவர்பூல் வழியாகக் கிளம்பியவர் எலிசபெத். வெயில் நகரத்திலிருந்து வந்து ராக்கி ரிட்ஜைக் கடந்து பிழைத்து, சீடர் சிட்டியில் குடும்பம் நடத்தினார்.

வில்லி குழு நவம்பர் 9-இல் சால்ட் லேக் சேர்ந்தது.

மார்ட்டின் குழு

இவர்கள் நிலை இன்னும் மோசம். சுமார் 575 பேர், கைக்குழந்தைகளும் முதியவர்களும் அதிகம். மாடுகள் தளர்ந்ததால் அக்டோபர் 17-இல் டீர் கிரீக்கில் சுமையை ஆளுக்கு 17 பவுண்டிலிருந்து 10-ஆகக் குறைக்க உத்தரவு. மிச்சப் போர்வைகளையும் துணிகளையும் குவித்துக் கொளுத்தினார்கள். இரண்டே நாளில் புயல். இந்த ஆய்வில் வருகிற முடிவுகளில் மிகக் கொடிய விளைவு இதனுடையதுதான். அன்றைய நிலைமைக்கு அது தவறென்று சொல்ல முடியாது, ஏனென்றால் எடையைக் குறைக்காவிட்டால் நகரவே முடியாது. ஆனால் அப்படித் தேர்ந்தாக வேண்டிய இடத்துக்கு ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் குற்றம்.

பிளாட் ஆற்றைக் கடந்தபின் நனைந்த துணி உடம்பிலேயே உறைந்தது. தரை இறுகியதால் கூடார முளை இறங்கவில்லை. கூடாரத்தைத் தூக்கி நிறுத்தவே ஆண்களுக்குத் தெம்பில்லாத இரவுகள் வந்தன. நோயுற்றிருந்த ஆரன் ஜாக்சனை மனைவி எலிசபெத் ஒரு நாள் இரவு தொட்டபோது சில்லிட்டிருந்தார். விளக்கேற்ற வழியில்லாததால் விடியும் வரை பிணத்தின் பக்கத்திலேயே கிடந்தார். அதன்பின் ஓர் இரவு கூடாரமும் இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையை மடியிலும் இரண்டை இரு பக்கமும் அணைத்தபடி காலை வரை இருந்தார்.

ரெட் பியூட்ஸ் அருகே பனியில் அவர்கள் நின்றுபோனார்கள். ஜோசப் யங், ஏபெல் கார், டேனியல் ஜோன்ஸ் ஆகிய மூவர் குதிரையில் தேடிவந்து கண்டது அக்டோபர் 28. நகர்ந்தால்தான் உயிர், நின்றால் சாவு என்று கிளப்பினார்கள். நவம்பர் தொடக்கத்தில் டெவில்ஸ் கேட் என்ற இடத்தைச் சேர்ந்து, 4-ஆம் தேதி ஸ்வீட்வாட்டரைக் கடந்து, ‘மார்ட்டின்ஸ் கோவ்’ என்ற மலை மடிப்பில் ஒதுங்கினார்கள். 6-ஆம் தேதி வெப்பமானி மைனஸ் 11 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 24 செல்சியஸ் காட்டியது. பனிக்கட்டி மிதந்த ஆற்றில் மீட்புக் குழு இளைஞர்கள் இறங்கி மக்களை முதுகில் சுமந்தது உண்மை. அதனாலேயே அவர்கள் எல்லாரும் விரைவில் இறந்தார்கள் என்று பரவிய கதைக்கு ஆதாரமில்லை. அவர்களில் டேவிட் கிம்பல் 1883 வரை வாழ்ந்தார்.

வண்டிகளில் மனிதரை ஏற்ற வேண்டுமானால் சாமான் இறங்க வேண்டும். பின்தொடர்ந்த ஹாட்ஜெட்ஸ், ஹன்ட் மாட்டு வண்டிக் குழுக்களின் சரக்கை டெவில்ஸ் கேட்டில் குவித்து, காவலுக்கு டேனியல் ஜோன்ஸ் உட்பட இருபது பேரை விட்டார்கள். அந்தக் காவலர்கள் கடைசியில் மாட்டுத்தோலையே தின்றார்கள். முதலில் வெறுமனே வேகவைத்தபோது பசை போலாகி வயிற்றைப் புரட்டியது. பிறகு மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அந்தப் பசைநீரைக் கொட்டி, குளிர்ந்த நீரில் கழுவி, மறுபடி கூழாகும் வரை வேகவைத்து, ஆறவைத்துச் சர்க்கரை தூவித் தின்றார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு, மார்ட்டின் குழு ஊர் வந்தது. வழிபாட்டில் இருந்தவர்களை பிரிகம் யங் எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார். இப்போதைக்கு இவர்களுக்கு ஜெபத்தை விடச் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும்தான் வேண்டும் என்றார். உறைந்த விரல்களும் பாதங்களும் வாரக்கணக்கில் வெட்டப்பட்டன. நெல்லி புசெல் பத்து வயதுச் சிறுமி. பெற்றோர் இருவரும் வழியில் சில நாள் இடைவெளியில் இறந்துவிட்டார்கள். மயக்க மருந்தில்லாமல் அவளுடைய இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். புண் முழுதாக ஆறவே இல்லை. சீடர் சிட்டியில் மணமாகி, முழங்காலில் நகர்ந்தே துணி துவைத்து, வீட்டுத் தரை தேய்த்து, ஆறு பிள்ளைகளை வளர்த்து 1915-இல் இறந்தார்.

பிறகு மாறியது

பிந்திப் புறப்பட விட்டதற்காக ரிச்சர்ட்ஸும் அயோவாவில் பொறுப்பிலிருந்த டேனியல் ஸ்பென்சரும் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டார்கள். திட்டத்தைத் தந்த பிரிகம் யங்கின் பங்கு, ஃப்ளாரன்ஸில் யார் வருகிறார்கள் என்று கடைசி வரை கண்காணிக்க ஏற்பாடு இல்லாதது, அன்று அதிகம் பேசப்படவில்லை. 1857, 1859, 1860 கைவண்டிக் குழுக்கள் நேரத்தோடு புறப்பட்டு, பேரழிவு இல்லாமல் சேர்ந்தன.

1861-இல் கைவண்டியே கைவிடப்பட்டது. வசந்தத்தில் யூட்டாவிலிருந்தே மாவேற்றிய மாட்டு வண்டிகளை ஃப்ளாரன்ஸுக்கு அனுப்புவார்கள். போகும் வழியில் ஆங்காங்கே மாவை இறக்கிவைத்துவிட்டு, கோடையில் குடியேறிகளை ஏற்றித் திரும்புவார்கள். வழியறிந்த ஓட்டுநர், பழகிய எருது, திரும்பும் பாதையில் காத்திருக்கும் உணவு, ஊரிலிருந்து வந்து ஊருக்கே திரும்புவதால் தவறாத தேதி. 1868-இல் ரயில் நெருங்கி வரும் வரை இந்த முறையில்தான் ஏழைகள் வந்தார்கள்.